மேசைமேல் ஒரு போர்க்களம்

எங்கள் இல்லத்து உணவு மேசை ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உடையது. சென்ற விடுமுறையில் இரு மாலைப் பொழுதுகள் அந்த மேசையில் எவரும் உணவருந்தவில்லை. அதன்மீது பச்சைத் துணி விரித்திருந்தது. துணியின் ஓர் ஓரத்தில் நீலக் காகிதத்தால் ஓர் ஆறு. நடுவே தீப்பெட்டிகளால் ஒரு சிற்றூர். மறு ஓரத்தில் கம்பிச் சுருளைக் கிள்ளி நட்ட ஒரு காடு. அந்த ஊரின் பெயர் ஃபோன்டெனுவா. ஆற்றின் பெயர் ஷெல்ட். நாள், 1745-ஆம் ஆண்டு மே மாதம் 11. பிரெஞ்சுப் படைக்குத் தலைவன் எம் சகோதரியின் பதினைந்து வயது மகன். எதிர்ப்படைக்குத் தலைமை தாங்கித் தோற்றவர் நாம்.

சிற்றுருவப் படைகளைப் பரப்பிப் பழைய போர்களை மீண்டும் ஆடிப்பார்க்கும் இவ்விளையாட்டு நம்மவரிடையே பெரிதும் பழக்கமில்லாதது. ஐரோப்பாவிலோ அதற்கு நெடிய வரலாறு உண்டு. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் அரசவையில் கணிதம் கற்பித்த ஹெல்விக் என்பவர் 1780-இல், நம் நாட்டில் பிறந்து உலகெங்கும் பரவிய சதுரங்கத்தையே விரித்து, குதிரைப்படை, காலாட்படை, பீரங்கி எனக் காய்கள் செய்து, கட்டங்களுக்கு மலை, ஆறு, ஊர் எனப் பெயரிட்டு ஒரு போர்ச் சதுரங்கம் அமைத்தார். பின்னர்ப் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் கட்டங்களை நீக்கி உண்மை நிலப்பரப்பை மேசையில் கொணர்ந்து, 1812-இல் தம் அரசருக்கே காட்டினார். அவர் மகன் 1824-இல் அதற்கு விதிநூல் எழுதினார். பிரஷ்யத் தளபதிகள் அதை விளையாட்டென்று கருதாமல் படைக்கல்வி என்றே ஏற்றனர். இதே விளையாட்டைப் பாசறையிலிருந்து வீட்டுக்குள் அழைத்து வந்தவர், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் எழுதிய 'சிறு போர்கள்' என்னும் நூலில், மரத்துண்டுகளை உமிழும் விசைப் பீரங்கியால் தகர வீரர்களை வீழ்த்தும் விதிகள் உள்ளன. பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போர் எத்துணைப் பேதைமை என்பது விளங்கும் என்று அந்நூலின் முடிவில் அவர் வாதிட்டார். மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களே இவ்விளையாட்டுக்கு மிகவும் ஏற்றவை என்பார் பலர். இரண்டாம் உலகப் போரில் அதிரடிப் படையில் போரிட்ட பிரிகேடியர் பீட்டர் யங், தம் நண்பர் லாஃபர்டுடன் சேர்ந்து 1967-இல் எழுதிய நூலும், சார்ல்ஸ் கிராண்ட் 1971-இல் எழுதிய நூலும் இக்காலத்துப் படைகளையே எடுத்துக்கொண்டன. காரணம் எளிது. அந்நாளைய படைகள் நேர்வரிசையில் நின்றன, தாளத்துக்கு நடந்தன, கண்ணுக்கு எதிரே சுட்டன. மேசையில் வைத்துப் பார்த்தால் நடப்பது அனைத்தும் தெளிவாகத் தெரியும். ஆடைகளின் அழகும் ஒரு காரணம். பிரிட்டிஷாருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக் காலாட்படையில் பெரும்பாலோர்க்கு வெளிர் சாம்பல் கலந்த வெள்ளை, பிரெஞ்சு மன்னரின் காவற்படைக்கு நீலம்.

ஈயமும் தகரமும் கலந்து வார்த்த ஓரங்குல வீரர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, ஒவ்வொருவனுக்கும் பொத்தான்வரை வண்ணம் தீட்டுவோர் உண்டு. நமக்கு அத்துணை வசதியும் இல்லை, பொறுமையும் இல்லை. அட்டையை வெட்டி வண்ணம் பூசிக்கொண்டோம். ஓர் அட்டை 600 வீரர் கொண்ட ஒரு படையணி. மேசையில் ஓரங்குலம், களத்தில் 50 கெஜம். ஒரு முறை ஆட்டம், களத்தில் கால்மணி நேரம். அந்நாளையத் துப்பாக்கி நூறு கெஜத்துக்கு அப்பால் குறிபார்த்துச் சுடத் தகுதியற்றது. ஆதலால் மேசையில் அதன் எல்லை இரண்டே அங்குலம். பீரங்கிக்கு ஓரடி. ஒவ்வோர் அட்டைக்கும் நான்கு உயிர்ப்புள்ளிகள். பகடை உருட்டி வரும் எண்ணுக்கேற்பப் புள்ளிகள் அழியும். ஒரு புள்ளி அழிந்தால் 150 பேர் இறந்தனர், காயமுற்றனர், அல்லது ஓடினர் என்பது கணக்கு. நான்கும் அழிந்தால் அட்டை மேசையை விட்டு நீங்கிப் பழைய காலணிப் பெட்டிக்குள் போய்விடும்.

பகடையைக் கண்டதும் எம் தாயார் முகஞ்சுளித்தார்கள். ஆண்டவருடைய அங்கிக்காகச் சிலுவையடியில் போர்வீரர் சீட்டுப்போட்ட நினைவு அவர்களுக்கு. "வீட்டில் தாயம் ஆடுவதில்லையா?" என்று கேட்டோம். "தாயத்தில் யாரும் சாவதில்லை" என்றார்கள்.

இனிக் களத்துக்கு வருவோம். ஆஸ்திரிய அரசுரிமைப் போரின் ஐந்தாவது ஆண்டு. இன்று பெல்ஜியம் எனப்படும் நிலம் அன்று ஆஸ்திரிய அரசுக்கு உட்பட்டிருந்தது. பிரெஞ்சுப் படை அங்கே தூர்னே நகரை முற்றுகையிட்டது. அதை மீட்கப் பிரிட்டிஷார், ஹனோவர் நாட்டார், டச்சுக்காரர், சிறிய அளவில் ஆஸ்திரியர் ஆகியோர் கூடி வந்தனர். இரு தரப்பிலும் ஏறத்தாழ 50,000 பேர். கூட்டுப்படைத் தலைவர், இங்கிலாந்து மன்னரின் மகன் கம்பர்லாந்து கோமகன். வயது 24. எதிரே நின்ற மார்ஷல் சாக்ஸ் 48 வயதினர். நீர்க்கோவை நோயால் உடல் வீங்கிக் குதிரையேற இயலாமல், பிரம்பால் பின்னிய வண்டியில் கிடந்தபடி களத்தைச் சுற்றினார். தாகம் அடங்க ஓர் ஈயக் குண்டை வாயிலிட்டு மென்றுகொண்டிருந்தாராம். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியும் அவருடைய பதினைந்து வயது மகனும் களத்திலேயே இருந்தனர்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கத்தோலிக்க மன்னரின் படையை நடத்திய சாக்ஸ், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1750-இல் அவர் இறந்தபோது, பிரான்சின் மாவீரர்களுக்குரிய கத்தோலிக்கக் கோயில்களில் அவருக்கு இடமில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து லுத்தரன் கோயிலில் அடக்கம் செய்தனர். எதிர்ப்பக்கத்திலோ, கத்தோலிக்க ஆஸ்திரியாவும் புராட்டஸ்டாண்டு இங்கிலாந்தும் தோளோடு தோள் நின்றன. அந்நாளையப் போர்களை மதப் போர்கள் என்று எண்ணுவோர் இந்த மேசையைச் சற்று உற்றுநோக்க வேண்டும்.

சாக்ஸ் தேர்ந்த இடம் அருமையானது. அவருடைய வலப்பக்கம் ஷெல்ட் ஆற்றங்கரையில் ஆந்த்வேன் ஊர். நடுவே ஃபோன்டெனுவா. இடப்பக்கம் பாரிக் காடு. ஆந்த்வேனுக்கும் ஃபோன்டெனுவாவுக்கும் இடையே மூன்று மண்ணரண்களைப் பீரங்கியோடு எழுப்பினார். காட்டின் விளிம்பிலும் அரண்கள் இருந்தன. அவற்றுள் முன்னின்றதற்கு 'ஈ' அரண் என்று பெயர். ஃபோன்டெனுவாவுக்கும் காட்டுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி, சுமார் 800 கெஜம், திறந்து கிடந்தது. இருபுறமும் பீரங்கி வாய்களுக்கு நடுவே எவனும் நுழையத் துணியான் என்று சாக்ஸ் எண்ணினார்.

நமக்குத் திட்டம் உருவாகத் தாமதமில்லை. வரலாறு படித்திருந்தோமல்லவா? கம்பர்லாந்தின் பெருந்தவறு, அந்த 'ஈ' அரணைக் கைப்பற்றாமல் இடைவெளிக்குள் நுழைந்ததே. அந்த அரணைப் பிடிக்க அனுப்பப்பட்ட பிரிகேடியர் இங்கோல்ட்ஸ்பி, காட்டுக்குள் பிரெஞ்சுச் சிறுபடையினர் பதுங்கியிருக்கக் கண்டு தயங்கினார், பீரங்கி கேட்டார், மாறுபட்ட ஆணைகளைப் பெற்றார், கடைசிவரை அரணைத் தாக்கவேயில்லை. போருக்குப் பின் இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. நாம் அவருக்கு முதலிலேயே பீரங்கி கொடுத்துவிடுவது, அரணைப் பிடிப்பது, பின்பு நுழைவது. இதுவே எம் எண்ணம்.

"அது நியாயமில்லை, மாமா" என்றான் மருமகன். "இங்கோல்ட்ஸ்பி தயங்குவார் என்பது கம்பர்லாந்துக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவருக்கும் ஒரு பகடை போடுங்கள்."

இவ்விளையாட்டின் உயிர்நாடியே இதுதான் என்று அப்போது புலப்பட்டது. மேசைக்கு மேலே நின்று குனிந்து நோக்குபவனுக்கு யாவும் தெரிகிறது. களத்தில் நின்றவனுக்கு முன்னே புகையும், பின்னே வந்து சேராத தூதனும் மட்டுமே. ஆகவே ஒரு விதி செய்தோம். ஒவ்வொரு முறையும் இங்கோல்ட்ஸ்பிக்காகப் பகடை உருட்ட வேண்டும்; நான்குக்குக் குறைந்தால் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். உருட்டினோம். இரண்டு. மீண்டும் உருட்டினோம். ஒன்று. மூன்றாம் முறை மூன்று. முக்கால் மணி நேரமாக எம் படையணிகள் காட்டோரம் நின்று பிரெஞ்சுப் பீரங்கிக்கு இரையாயின. அந்தப் பெரியவரை அதுவரை கோழையென்றே எண்ணியிருந்தோம். அவர்மீது ஓர் இரக்கம் பிறந்தது.

இடப்புறத்தில் டச்சுக்காரர் கதி இதனினும் மோசம். மூன்று மண்ணரண்களின் முன்னே வெட்டவெளியில் அவர்களை நடத்திச் சென்றோம். ஓரடி தூரத்தைக் கடப்பதற்குள் ஐந்து அட்டைகள் பெட்டிக்குள் போயின. எஞ்சியவை பின்வாங்கின. வரலாற்றிலும் இருமுறை தாக்கி இருமுறையும் திரும்பினர்.

வேறு வழியின்றிக் கம்பர்லாந்து செய்ததையே செய்தோம். 25 அட்டைகளை, அதாவது 15,000 பேரை, அந்த இடைவெளியில் செலுத்தினோம். களத்தில் 800 கெஜம் என்றால் மேசையில் 16 அங்குலம். ஓர் அட்டையின் அகலம் இரண்டரை அங்குலம். ஆறு அட்டைகளே ஒரு வரிசையில் நிற்கும். அதிலும் இரு ஓரங்களிலும் குண்டு விழுவதால் அட்டைகளை நடுவே ஒடுக்க வேண்டியிருந்தது. வரிசைமேல் வரிசை நெருங்கி, முன்னும் பக்கங்களும் துப்பாக்கியாய், பெரும் சதுரக் கட்டியாக ஊர்ந்தது படை. ஃபோன்டெனுவாவின் அந்தப் புகழ்பெற்ற பெருந்திரளை எந்தத் தளபதியின் அறிவும் வகுக்கவில்லை, நிலத்தின் நெருக்கமே வகுத்தது என்பதை நூலில் படித்திருந்தோம். கையால் அட்டைகளை நகர்த்தியபோதுதான் அது உள்ளத்தில் பதிந்தது.

மேட்டின்மேல் ஏறியதும் எதிரே பிரெஞ்சுக் காவற்படை. அவ்விடத்தில் நிகழ்ந்ததாக வால்டேர் எழுதிய காட்சி உலகறிந்தது: ஆங்கிலேய அதிகாரி முன்வந்து, முதலில் சுடுமாறு பிரெஞ்சுக்காரரை அழைத்ததாகவும், நாங்கள் ஒருபோதும் முதலில் சுடுவதில்லை என்று அவர்கள் மறுத்ததாகவும் கதை. அந்த அதிகாரி சார்ல்ஸ் ஹே பிரபு தம் சகோதரருக்கு எழுதிய கடிதமோ வேறு விதமாய்க் கூறுகிறது. அவர் தம் குப்பியை எடுத்து எதிரிகளின் நலத்துக்காக ஒரு மிடறு குடித்து, ஈராண்டுக்கு முன் டெட்டிங்கன் போரில் மைன் ஆற்றில் நீந்தி ஓடியதுபோல் இன்று ஷெல்ட் ஆற்றில் நீந்தாமல் நில்லுங்கள் என்று கேலி பேசினாராம். உபசாரமாயினும் கேலியாயினும் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. நன்கு பழகிய வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். அமைதியாக மருந்திட்டு வைத்த முதல் வேட்டுப்போல் பின்னர் எதுவும் அமையாது. முதலில் சுட்டவன் மருந்திடும் நேரத்தில் எதிரி இன்னும் பத்தடி நெருங்கிச் சுடுவான். எனவே எம் விதிகளில் முதல் வேட்டுக்கு இரட்டை மதிப்பு. மருமகன் பொறுமையிழந்து சுட்டான். நாம் இரண்டங்குலத்தை ஓரங்குலமாக்கிக்கொண்டு சுட்டோம். அவனுடைய நீல அட்டைகள் நான்கும் ஒரே முறையில் நீங்கின. உண்மையிலும் அப்படியே காவற்படை சிதறிற்று.

முதல் மாலை இவ்வாறு முடிந்தது. அன்றிரவு வெற்றி நமதே என்ற இறுமாப்புடன் உறங்கினோம் என்பதை மறைப்பானேன்?

கம்பர்லாந்தும் அந்த வேளையில் அப்படித்தான் எண்ணியிருப்பார். அவர் படை பிரெஞ்சுப் பாளையத்தின் உள்ளேயே நின்றது. மன்னரை ஆற்றுக்கு அப்பால் போய்விடுமாறு அருகிருந்தோர் வேண்டினர், அவர் அசையவில்லை. சாக்ஸ் காலம் வாங்குவதற்காகக் குதிரைப்படையை அலை அலையாய் ஏவினார். மறு மாலை மருமகனும் அவ்வாறே ஏவினான். ஒவ்வோர் அலையும் எம் துப்பாக்கி வேலியில் மோதித் திரும்பியது. ஆனால் ஒவ்வொரு முறையும் எமக்கும் ஓரிரு புள்ளிகள் அழிந்தன. நின்றால் தேய்கிறோம், முன்னே போனால் பக்கங்கள் திறக்கின்றன, பின்னே போகவோ மனமில்லை. பிறகு அவன் நான்கு பீரங்கிகளை உருட்டிக்கொண்டு வந்து எம் முகத்துக்கு நேரே நிறுத்தினான். வரலாற்றிலும் அந்த நான்கு பீரங்கிகள் வந்தன. அதன்பின், இரு மாலைகளாகக் காட்டோரம் அசையாமல் வைத்திருந்த ஆறு சிவப்பு அட்டைகளை எடுத்தான்.

அந்தச் சிவப்பு, எம்முடைய சிவப்பே. அவர்கள் அயர்லாந்துக்காரர். இக்கட்டுரையை இத்துணை நீட்டி எழுதத் தூண்டியவர்களும் அவர்களே. 1691-இல் லிமெரிக் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டு படைக்கலம் கீழே வைத்த ஐரியப் படை, கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமை உண்டென்ற வாக்குறுதியைப் பெற்றுப் பிரான்சுக்குக் கப்பலேறியது. அந்த வாக்குறுதியை ஆண்டோர் காற்றில் விட்டனர். ஆயர்களை நாடு கடத்தினர். கத்தோலிக்கர் நிலம் வாங்கவும், பள்ளி நடத்தவும், படைக்கலம் தாங்கவும் தடைச் சட்டங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. ஆகவே அயர்லாந்தின் இளைஞர் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுப் படைக்கு ஓடிவந்து சேர்ந்தனர். 'காட்டு வாத்துகள்' என்பது தாய்நாடு அவர்களுக்கு இட்ட பெயர். ஃபோன்டெனுவாவில் நின்ற ஆறு படைப்பிரிவுகளும் அவற்றின் தலைவர்கள் பெயரால் அழைக்கப்பட்டன: கிளேர், தில்லன், பல்க்லி, ராத், பெர்விக், லாலி. மருமகன் அப்பெயர்களை அட்டைகளின் பின்புறம் எழுதி வைத்திருந்தான்.

நார்மண்டி முதலிய பிரெஞ்சுப் படைப்பிரிவுகளோடு சேர்ந்து அவர்கள் ஆங்கிலத் திரளின் வலப்பக்கத்தில் பாய்ந்தனர். லிமெரிக்கை நினையுங்கள் என்று முழங்கியதாக மரபு. தில்லன் படையின் தலைவர் அங்கேயே மாண்டார். பகல் இரண்டு மணியளவில் திரள் உடைந்தது. எனினும் ஓடவில்லை, ஒழுங்காகவே பின்வாங்கியது. மேசையிலும் ஏறத்தாழ அவ்வாறே முடிந்தது. எம் 25 அட்டைகளில் 11 மட்டுமே துணியின் ஓரம் வந்து சேர்ந்தன.

ஆனால் ஒரு வேறுபாடு. எங்கள் விதிப்படி, ஓர் அட்டை அழியும்போது அதன் தலைவனுக்காகத் தனியே ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அவன் இறந்தான். லாலியின் அட்டை எம் கடைசி வேட்டில் அழிந்தது. மருமகனே உருட்டினான். ஒன்று விழுந்தது.

அவன் நெடுநேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் கேட்டான்: "அப்படியானால் வந்தவாசியில் யார் தோற்பார்கள்?"

உண்மை லாலி அன்று சாகவில்லை. அவருடைய வீரத்தைக் கண்ட மன்னர், களத்திலேயே அவரைப் பிரிகேடியராக உயர்த்தினார். அந்தப் புகழே அவரை 1758-இல் நம் கரைக்குக் கொணர்ந்தது. கடலூரில் ஆங்கிலேயரின் தாவீது கோட்டையைப் பிடித்தார். சென்னையை முற்றுகையிட்டுக் கைப்பற்ற இயலாமல் திரும்பினார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில், லிமெரிக் பகுதியிலேயே பிறந்த இன்னோர் ஐரியரான அயர் கூட்டிடம் தோற்றார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் பசியால் பணிந்தது. இங்கிலாந்தில் போர்க்கைதியாயிருந்த லாலி, பிரான்சில் தம்மைத் துரோகி எனத் தூற்றுவது கேட்டு, தம் பெயரைக் காக்கத் தாமே திரும்பிச் சென்றார். சிறையிலிட்டு, 1766 மே 9-இல், பேசவொட்டாமல் வாயை அடைத்துப் பாரிஸ் நகரில் அவர் தலையை வெட்டினர். ஃபோன்டெனுவா நாளுக்கு இரு நாள் குறைய 21 ஆண்டுகள். அவருக்காக வாதாடியவர்களுள் ஒருவர் அதே வால்டேர். 1778-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்ட செய்தி, மரணப் படுக்கையில் கிடந்த அவர் செவிக்கு எட்டியது.

மீண்டும் ஒருமுறை உருட்டலாம் என்றோம். மருமகன் உடன்படவில்லை. "இங்கேயே இறந்திருந்தால் அவருக்கு நல்லதுதானே, மாமா?" என்றான். எமக்கு விடை தெரியவில்லை. சமையலறை வாயிலில் நின்ற தாயார், "அதை அவரிடமல்லவா கேட்க வேண்டும்" என்று சொல்லி உள்ளே போனார்கள்.

கணக்குப் பார்த்தோம். இரு தரப்பிலும் சேர்த்து 109 புள்ளிகள் அழிந்திருந்தன. 150-ஆல் பெருக்கினால் 16,350. உண்மைக் களத்திலும் இறந்தோரும் காயமுற்றோரும் இருபுறமும் கூட்டினால் 15,000-க்கு மேல். பகடையின் கணக்கு இத்துணை அருகே வந்தது எமக்கு உவகை தரவில்லை. போர் முடிந்ததும் லூயி மன்னர் தம் மகனைக் களத்தினூடே அழைத்துச் சென்று, பகைவரின் குருதியும் மனிதக் குருதியே என்று உணர்த்தியதாகச் சொல்வர். சாக்ஸின் கருத்தும் நினைக்கத் தக்கது. தேர்ந்த தளபதி வாழ்நாள் முழுதும் பெரும்போர் ஒன்றும் செய்யாமலே போரை நடத்தலாம் என்று அவர் தம் நூலில் எழுதி வைத்தார். அந்நூல் அவர் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. ஃபோன்டெனுவாவில் இன்று ஐரியருக்காக 1907-இல் நாட்டிய கற்சிலுவை ஒன்று நிற்கிறது.

"சாப்பாட்டுக்கு மேசை வேண்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆற்றைச் சுருட்டினோம், காட்டைப் பிடுங்கினோம். சிவப்பும் வெள்ளையும் நீலமும் ஒரே காலணிப் பெட்டிக்குள் கலந்து விழுந்தன. அடுத்த விடுமுறையில் வந்தவாசி ஆடுவதென்று மருமகன் முடிவு செய்துவிட்டான். லாலியின் அட்டையை மட்டும் அவன் பெட்டியில் போடவில்லை. அதன் நான்கு புள்ளிகளையும் அழிப்பானால் துடைத்துவிட்டுத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கை கழுவப் போனான்.